அட்டையில் பிழையா, கையில் பிழையா?

டிசம்பர் முதல் வாரத்தில், ஐதராபாத்திலுள்ள ஒரு பல்கலைக்கழக விடுதி அறையில், முதுகலை மொழியியல் மாணவி ஒருத்தி அடுத்த பருவத்துக்கான பாடப் பதிவுப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். நான்கு தாள்களுக்கு நேரே குறியிட்டாயிற்று. ஐந்தாம் இடத்தில் இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று, கணினி நிரலாக்க அறிமுகம். மற்றொன்று, அவள் முன்பே நன்கு தேறிய ஒரு பாடத்தின் தொடர்ச்சி. கணிதப் பின்புலம் இல்லாதவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்வது நல்லது என்று துறையில் சொல்லியிருந்தார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். அந்த அக்கறைதான் அவளை அச்சுறுத்தியது.

அவள் பெறும் உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: எடுத்த தாள்கள் அனைத்திலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் மாதத்தொகை நின்றுவிடும். அந்தத் தொகையில் ஒரு பங்கு ஆரணிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அவளுடைய தந்தை பட்டுத்தறி நெய்கிறார். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அந்த வீட்டில் எப்போதும் ஒரு தொகையாக நின்றுகொண்டேயிருக்கும். ஆகவே அந்தப் படிவத்தின் ஐந்தாம் கட்டம் அவளுக்குப் பாட விருப்பம் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை.

ஆனால் மற்றொரு கணக்கும் இருந்தது. ஆரணி வட்டாரப் பேச்சுவழக்கில் சொற்கள் புணரும் முறையை ஆராய்வது அவளுடைய ஆய்வேட்டுத் திட்டம். பேச்சைப் பதிவு செய்து எழுதியும் வைத்திருந்தாள். அந்த எழுத்துப்படிகளில் எந்த ஈறு எந்த முதலோடு எத்தனை முறை சேர்கிறது என்று கையால் எண்ணத் தொடங்கி, மூன்று பக்கம் முடிப்பதற்கே ஒரு மாலைப்பொழுது கழிந்திருந்தது. நிரலெழுதத் தெரிந்தவருக்கு அது சில நொடி வேலை. தெரியாதவர் ஆய்வையே சுருக்கிக்கொள்ள வேண்டும்.

அவள் நிரலாக்கத்துக்கு நேரே குறியிட்டாள். ஜனவரி இரண்டாம் வாரம் வரை பாடத்தை மாற்றிக்கொள்ள இடமிருந்தது. அதற்குள் தன்னால் இயலுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம்.

*

முதல் முயற்சி அன்றிரவே நடந்தது. முந்தைய ஆண்டு மாணவர்கள் விட்டுச்சென்ற பாடக்குறிப்பு ஒன்றிலிருந்து, ஒரு சொல்லைத் திரையில் அச்சிடும் ஒற்றை வரி நிரலைப் படியெடுத்து, கைப்பேசியில் கூகுள் கோலாபைத் திறந்து ஒட்டினாள். சிவப்பெழுத்தில் ஆங்கில வரிகள் வந்தன. மறுபடி ஒட்டினாள். மறுபடியும் அதே சிவப்பு. உலகிலேயே எளிய நிரல் என்று எல்லோரும் சொல்வது அவளுக்கு ஓடவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காரணம் ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்த மென்பொருள் நேரான மேற்கோள் குறிகளை அழகுக்காக வளைந்த குறிகளாக மாற்றியிருந்தது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைத்தானுக்கு வளைந்த குறி அறிமுகமில்லாத எழுத்து. சிவப்பு வரிகளில் கடைசி வரி அதைத்தான் சொல்லியிருந்தது. இன்ன எழுத்து செல்லாது என்று அந்த எழுத்தையே எடுத்துக் காட்டியுமிருந்தது. அவள் அந்த வரியைப் படிக்கவேயில்லை. சிவப்பைக் கண்டதும் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்தக் கடைசி வரியின் முதற்சொல் ‘சின்டாக்ஸ்’. மொழியியல் மாணவி ஒருத்திக்கு அதைவிடப் பழகிய சொல் வேறில்லை. தொடரியல் தாளில் அவள் உயர்ந்த மதிப்பெண் பெற்றவள். அந்தச் சொல் கணினித் துறையில் உலவுவதும் தற்செயலன்று. சாம்ஸ்கி 1956-இல் மொழி விவரிப்புக்கான மூன்று மாதிரிகளைப் பற்றி எழுதிய கட்டுரை கணினியியலாரின் அடிப்படை வாசிப்புகளுள் ஒன்றாயிற்று. அல்கால் 60 என்னும் நிரல்மொழியின் இலக்கணத்தை எழுதப் பேக்கஸும் நௌரும் கையாண்ட குறிமுறை, சாம்ஸ்கி வகுத்த சூழல்சாரா இலக்கணத்தோடு ஒத்த ஆற்றல் உடையது. அந்தக் குறிமுறையில் பாணினியின் சாயலைக் கண்ட இங்கர்மன் என்பவர், பாணினியின் பெயரையும் அதற்குச் சேர்த்து வழங்கலாம் என்று 1967-இல் முன்மொழிந்தார். இவையெல்லாம் அவளுக்கு வகுப்பில் சொல்லப்பட்டவை. தேர்வில் எழுதியுமிருக்கிறாள். ஆயினும் அந்தச் சொல் சிவப்பில் வந்தபோது, ‘இந்த இடம் உனக்கு உரியதன்று’ என்பதாகவே அவளுக்குக் கேட்டது.

தமிழ்வழியில் பள்ளி முடித்து, தமிழிலக்கியத்தில் பட்டம் பெற்று, குடும்பத்தில் முதன்முதலாக வெளிமாநிலம் வந்து படிக்கும் ஒருத்திக்கு, ஆங்கிலத்தில் வரும் எந்தப் பிழைச் செய்தியும் வெறும் செய்தியாக வருவதில்லை. அது அதுவரை கேட்ட எல்லாத் தீர்ப்புகளின் குரலிலும் வருகிறது. நிரலாக்கம் கற்பிக்கும் நூல்கள் மாறி, மடக்கு, செயற்கூறு என்று தொடங்குகின்றன. இவளைப் போன்றவர்கள் அவற்றுக்கு ஒரு படி கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

*

விடுமுறைக்குச் சார்மினார் விரைவு வண்டியில் சென்னை வந்து, பேருந்தில் ஆரணி சேர்ந்தாள். கையில் கைப்பேசியும் இருநூறு பக்க நோட்டும் மட்டுமே. வீட்டில் கணினி கிடையாது. அது குறையாகத் தோன்றியது. பிறகு அதுவே ஒருவகையில் நன்மையாயிற்று.

முதலில் அவள் செய்தது, இரண்டு சுமைகளைப் பிரித்து வைத்தது. ஐதராபாத்தில் பார்த்த காணொளிப் பாடங்களில் புதிய கருத்தும் வேகமான ஆங்கிலமும் ஒருசேர வந்து விழுந்தன. எது புரியவில்லை என்பதே புரியவில்லை. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தமிழ்வழியிலும் உண்டு. அது பைத்தானைக் கற்பிக்கிறது. பள்ளியில் வரலாற்றுப் பிரிவில் படித்த அவள் அதைத் தொட்டதில்லை. தெருவிலிருந்த ஒரு மாணவனிடம் அந்நூலைக் கேட்டு வாங்கினாள். கருத்தைத் தமிழில் படித்து, அதே பகுதியை மறுநாள் ஆங்கிலத்தில் படிப்பது என்று வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் ஆங்கிலம் மட்டுமே சுமை. கருத்து ஏற்கெனவே உள்ளே இருந்தது. அவள் செய்த ஆயத்தத்தில் மிகப் பயன்பட்டது எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் தடை மூன்றாம் நாள் வந்தது. ஒரு மாறிக்கு அதே மாறியையும் ஒன்றையும் கூட்டிச் சமமாக்கும் வரி. எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடிய எண்ணுக்குச் சமமாக முடியாது என்பது ஆறாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் அச்சேற்றியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறெவையும் இல்லை என்பதே அவர் கூறிய காரணம். அந்தக் குறியை 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் ‘இதில் இதை எழுது’ என்னும் கட்டளைக்குப் பயன்படுத்தியது. பைத்தான் உட்படப் பல மொழிகள் அவ்வழக்கத்தைப் பின்பற்றின. தொடக்கநிலை மாணவர்கள் இடறும் இடங்களுள் இது முதன்மையானது. கணிதத்தை ஒழுங்காகக் கற்றவர்கள் கூடுதலாக இடறுகிறார்கள்.

அவளுக்கு அதைத் தெளிவாக்கியது வீட்டின் கணக்கு நோட்டு. தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அம்மா அதில் எழுதி வருவாள். பாக்கி 18,000. பண்டிகைக்கு வாங்கியது 2,000. பழைய வரியை அடித்துவிட்டுக் கீழே பாக்கி 20,000. பெயர் மாறவில்லை, தொகை மாறியது. வலப்பக்கத்தில் பழைய பாக்கியை வைத்துக் கணக்கிட்டு, வந்த விடையை அதே பெயரின்கீழ் எழுதுகிறோம். பைத்தான் மூன்றாம் பதிப்பு, 2008 முதல், மாறிகளுக்குத் தமிழிலும் பெயரிட இடமளிக்கிறது. அவள் எழுதிய முதல் மாறியின் பெயர் ‘பாக்கி’. அம்மாவின் நோட்டுக்கும் பொறிக்கும் ஒரு வேறுபாடு இருப்பதையும் அவளே கண்டாள்: நோட்டில் அடித்த வரி இன்னும் படிக்கக் கிடைக்கிறது, பொறியில் பழைய தொகை போனது போனதுதான். பழையதும் வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே வேறு பெயரில் எடுத்து வைக்க வேண்டும்.

அன்று முதல் ஒவ்வொரு நிரலையும் ஓட்டும் முன் தாளில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினாள். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கட்டங்கள் போட்டு, மாறிகளின் பெயர்களைத் தலைப்பில் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒவ்வொன்றின் மதிப்பு என்ன என்று நிரப்புவாள். பொறி வாங்கித்தராத வீட்டில் மாணவியே பொறியானாள். நிரலாக்கக் கல்வி ஆய்வில் இதற்கொரு பெயருண்டு. நிரல் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மாணவர் மனத்தில் உருவாக வேண்டிய எளிய கற்பனைப் பொறியைப் பற்றி டு புலே 1980-களில் எழுதினார். அந்தப் பொறி மனத்தில் இல்லாதவருக்கு நிரலின் வரிகள் மந்திரச் சொற்களே. தாளும் கரிக்கோலும் அதை உருவாக்கப் போதுமானவை.

தாளில் போட்டதும் பொறியில் வந்ததும் வேறுபட்ட முதல் நாள் பயன் மிக்கது. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டும் நிரல். தாளில் 15, பொறியில் 10. பைத்தானின் வரம்பு, சொன்ன கடைசி எண்ணுக்கு முன்னதோடு நின்றுவிடும். ஒன்று முதல் ஐந்து என்றால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணிக்கையைச் சுழியத்தில் தொடங்குவதும், மேலெல்லையைச் சேர்க்காமல் விடுவதும் ஏன் வசதியானவை என்று டைக்ஸ்ட்ரா 1982-இல் ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். அவளுக்கு அந்த நியாயம் பிறகுதான் புரிந்தது. அன்று புரிந்தது வேறு: பொறி தவறு செய்யவில்லை, தானும் முட்டாளில்லை. இருவரும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் கொண்டிருந்தார்கள். மொழியியல் படிப்பவருக்கு இது புதிய நிலைமையன்று.

*

ஆனாலும் இரண்டாம் வாரத்தின் ஒரு நள்ளிரவில் அவள் அழுதாள். ஒரு மடக்கு நிரல் எவ்வளவு மாற்றியும் தவறான விடையே தந்தது. ஐதராபாத்துக்குப் போனதும் படிவத்தை மாற்றிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டிருந்தாள். தறிக்குழியை ஒட்டிய திண்ணையில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார்.

“இன்னாமா, அழுவுறியா?”

“இல்லப்பா. தப்பு தப்பா வருது.”

“ஒரே எடத்துல வருதா? மாறி மாறி வருதா?”

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. மறுநாள் காலையில் அவர் தறியில் அமர்ந்து காட்டினார்.

பட்டுச்சேலையின் கரையிலும் முந்தியிலும் உருவங்களை எழுப்புவது தறிக்கு மேலே அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். ஊடை ஒருமுறை ஓடுவதற்கு ஓர் அட்டை. துளை இருக்குமிடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவிழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை திரும்பி வரும், அதே உருவம் மறுபடி எழும். அவள் குழந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கோவையில் இப்போது ஒரு மடக்கைக் கண்டாள்.

“எல்லாச் சுத்துலயும் அதே எடத்துல எழை தப்பிச்சுன்னா அது அட்டைல இருக்குற தப்பு. ஒரே ஒரு எடத்துல வந்துச்சுன்னா அது என் கை தப்பு. கை தப்புன்னா ஊடையப் பிரிச்சிட்டு மறுபடி ஓட்டிக்கலாம். அட்டைல தப்புன்னா நிறுத்திட்டு அட்டையப் பாக்கணும். அத வுட்டுட்டு நெய்யிறவன் ஒக்காந்து அழுவுறதுல இன்னா ஆவப்போவுது?”

ஜோசஃப் மரி ஜக்கார்டு லியோன் நகரத்துப் பட்டுத்தறிக்கு இக்கருவியை அமைத்தது 1804-ஐ ஒட்டி. சார்லஸ் பேபேஜ் தம் பகுப்புப் பொறிக்கு இத்தகைய அட்டைகளையே திட்டமிட்டார். அந்தப் பொறியை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டு ஏடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகள் 1843-இல் வெளிவந்தன. கணினி வரலாறு கற்பிக்கும் வகுப்புகளில் இந்தக் கதை தவறாமல் இடம்பெறும். பெரும்பாலும் ஓர் அழகிய ஒப்புமையாகச் சொல்லப்பட்டுக் கடந்து செல்லப்படும். தறிக்காரருக்கு அதில் வேறொன்று கிடைத்திருந்தது. பிழை எங்கே நிகழ்கிறது, எத்தனை முறை நிகழ்கிறது என்று பார்த்து, அது விதியில் இருக்கிறதா, செயலில் இருக்கிறதா என்று பிரித்தறியும் பழக்கம். யார் மேல் குற்றம் என்னும் கேள்வி அதில் எழுவதேயில்லை. எழுந்தால் அன்றைய கூலி போய்விடும்.

அவள் மடக்கு நிரலுக்குத் திரும்பினாள். ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பை அச்சிடச் செய்தாள். எல்லாச் சுற்றிலும் அதே தவறு. கூட்டுத்தொகையைச் சுழியமாக்கும் வரி மடக்குக்கு உள்ளே இருந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய உழைப்பை அழித்துக்கொண்டிருந்தது. அந்த வரியை மடக்குக்கு மேலே ஏற்றினாள். விடை சரியாக வந்தது.

அன்று நோட்டின் பின்புறத்திலிருந்து ஒரு கணக்கு தொடங்கினாள். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண். சிவப்புச் செய்தியின் கடைசி வரியை அப்படியே படியெடுப்பது, அதன் பொருளைத் தமிழில் எழுதுவது, காரணம் தெரிந்த பின் ‘அட்டை’ அல்லது ‘கை’ என்று குறிப்பது. பைத்தான் பிழை நேர்ந்த வழியை மேலிருந்து சொல்லிக்கொண்டு வந்து, என்ன பிழை என்பதைக் கடைசி வரியில் வைக்கிறது. கீழிருந்து படிக்கப் பழகியபின் சிவப்பு நிறம் மெல்ல மெல்ல வெறும் நிறமாயிற்று.

*

மூன்றாம் வாரத்தில் தனக்கு உரிய ஒன்றை எழுதிப் பார்க்கத் துணிந்தாள். இரண்டு சொற்களைக் கொடுத்தால் புணர்த்தித் தரும் நிரல். இலக்கணம் அவளுக்கு மனப்பாடம். நிலைமொழி இகர, ஈகார, ஐகாரங்களில் முடிந்து வருமொழி உயிரில் தொடங்கினால் யகரம் உடம்படுமெய்யாகும்: மணி, அடித்தது, மணியடித்தது. பிற உயிர்களுக்குப் பின் வகரம் வரும்: பூ, அழகு, பூவழகு. ஏகாரத்துக்கு இரண்டும் வரும். குற்றியலுகரமாயின் உகரம் கெட, வரும் உயிர் மெய்மேல் ஏறும்: நாடு, எங்கும், நாடெங்கும். நன்னூல் இதைச் சில சூத்திரங்களில் முடித்துவிடுகிறது. ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையேல் அடுத்ததைப் பார்’ என்னும் நிரல் வடிவத்துக்கும் அந்தச் சூத்திரங்களுக்கும் உள்ள தொலைவு மிகக் குறைவு.

நிரலை எழுதி ‘மணி’யைக் கொடுத்தாள். கடைசி எழுத்து ‘இ’யா என்ற சோதனை தோற்றது. மணி இகரத்தில் முடியவில்லை என்றது பொறி.

கடைசி எழுத்தை அச்சிடச் சொன்னாள். ‘இ’ என்னும் உயிரெழுத்து வரவில்லை. ணகரத்தின் தலையில் வளையும் அந்தக் கொக்கி மட்டும் தனியே வந்தது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டாள். மூன்று என்று எதிர்பார்த்தாள். ஐந்து என்றது. தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி.

யூனிகோடில் தமிழ் இவ்வாறே வைக்கப்பட்டிருக்கிறது. அகரமேறிய மெய்கள் தனிக்குறிகள், உயிரெழுத்துகள் தனிக்குறிகள், உயிர்மெய்யில் வரும் துணைக்குறிகள் வேறு தனிக்குறிகள். 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய எழுத்துகளுக்கு அது பின்பற்றியது 1988-இன் இஸ்கி என்னும் இந்தியத் தரத்தை. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டகம் என்பது அத்தரத்தின் நோக்கம். அதன் விளைவாக, பொறிக்குள் ககரம் அடிப்படை. அதனோடு புள்ளியைக் கூட்டினால் ‘க்’ கிடைக்கிறது. தமிழிலக்கணத்தில் இது நேர்மாறு. மெய்தான் உடல், அகரம் வந்து ஏறினால் ககரம் பிறக்கிறது. தொல்காப்பியம் முதல் பள்ளிப் பாடநூல் வரை சொல்லிவரும் அந்தக் கூட்டல், இங்கே கழித்தலாகக் கிடந்தது.

எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள வேறுபாட்டை முதற்பருவத்திலேயே படித்தவள் அவள். அப்போது அது தேர்வுக்கான ஒரு வேறுபாடு. இப்போது அதைக் கடக்காமல் ஒரு வரியும் நகராது. ‘பல’ என்ற சொல் அகரத்தில் முடிகிறது என்பது அவளுக்குத் தெரியும். பொறிக்கோ அங்கே அகரத்தைக் குறிக்கும் எந்தக் குறியும் இல்லை. எந்தத் துணைக்குறியும் இல்லாமையே அகரத்தின் அடையாளம். இல்லாததைக் கண்டறியும் சோதனையை எழுதினாள். பதினொரு துணைக்குறிகளுக்கும் உரிய உயிர்களை ஓர் அட்டவணையாக்கினாள். பைத்தானில் அத்தகைய அட்டவணைக்கு அகராதி என்றே பெயர். அந்தச் சொல்லைக் கண்டபோது அவள் சிரித்துவிட்டாள். தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்னும் நிரல்தொகுப்பு பைத்தானுக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்பதைப் பிறகு அறிந்தாள். அறிந்தபின்னும், தானே எழுதியதை அழிக்கவில்லை.

அடுத்த பிழை விதிகளின் வரிசையில். நிரல் ‘நாடுவெங்கும்’ என்றது. உகர ஈற்றுக்கு வகரம் என்னும் பொதுவிதியை முதலில் வைத்துவிட்டதால், குற்றியலுகர விதிக்கு முறையே வரவில்லை. சிறப்புவிதியை மேலே ஏற்றினாள். இரண்டு விதிகள் ஒரே இடத்துக்கு உரிமை கோரும்போது எது வெல்லும் என்பது பாணினி மரபில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் வினா. வகுப்பில் கேட்டபோது அது பழைய உரைகாரர்களின் நுண்வாதமாகத் தோன்றியது. ‘நாடுவெங்கும்’ என்பதைத் திரையில் பார்த்தவருக்கு அது அப்படித் தோன்றாது.

குற்றியலுகரத்தை அறிய, உகரத்துக்கு முன்னால் தனிக்குறில் மட்டும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பசு’வில் உகரம் கெடாது, பசுவழகு என்றுதான் ஆகும். இதற்கு எழுத்துகளை எண்ண வேண்டும். பொறி எண்ணும் குறிகளை எண்ணினால் கணக்குத் தவறும். முந்தைய வாரத்தின் பிழை இங்கே கைகொடுத்தது.

மாத இறுதியில் முப்பது இணைகளை எழுதிச் சோதித்தாள். 27 சரி, மூன்று தவறு. கல்லும் எடுவும் சேர்ந்து ‘கலெடு’ ஆயின. மண்ணும் எடுவும் ‘மணெடு’ ஆயின. அதுவும் என்னவும் சேர்ந்து ‘அதுவென்ன’ ஆயின.

மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டும் ஒரே பிழை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்ற விதியை அவள் எழுதவேயில்லை. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதே இடத்தில்தான் தவறும். பக்கத்தில் ‘அட்டை’ என்று எழுதினாள். மூன்றாவது வேறுவகை. அவள் எழுதிய விதியின்படி ‘அதுவென்ன’ சரியே. வழக்கில் ‘அதென்ன’ என்கிறோம். முற்றியலுகரமும் சிற்சில இடங்களில் கெடும் என்று நன்னூலே இடம் விட்டு வைத்திருக்கிறது. ‘சிற்சில இடங்களில்’ என்பதைப் பொறி ஏற்காது. எந்த இடங்கள் என்று பட்டியல் கேட்கும். அந்தப் பட்டியல் அவளிடம் இல்லை. யாரிடமும் முழுமையாக இருக்குமா என்பதும் ஐயமே. ஆரணிப் பேச்சில் அது எங்கெங்கே கெடுகிறது என்பதைத்தானே அவளுடைய ஆய்வேடு தேட வேண்டும்? அந்த வரிக்கு எதிரே அட்டை என்றோ கை என்றோ எழுதாமல், ‘ஆய்வு’ என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

*

ஜனவரியில் ஐதராபாத்துக்குத் திரும்பினாள். பாடத்தை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள் வந்து போயிற்று. படிவத்தை அவள் திறக்கவில்லை.

முதல் ஆய்வக வகுப்பில் அவளுடைய திரையில் சிவப்பு வந்தது. பக்கத்து இருக்கையில் பொறியியல் படித்துவிட்டு வந்த மாணவன். உதவும் எண்ணத்தோடு விசைப்பலகையை நோக்கிக் கை நீட்டினான். அவள் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நோட்டைத் திருப்பி, 47 என்று எண்ணிட்டு, கடைசி வரியைப் படியெடுக்கத் தொடங்கினாள். அவன் சற்று வியந்து பார்த்தான். அந்த வகுப்பில் பிழைகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

பாடம் எளிதாகிவிடவில்லை. செயற்கூறுகள் வந்தபோது ஒருமுறையும், கோப்புகளைப் படிக்கும் பகுதியில் மறுமுறையும் பின்தங்கினாள். தேர்வு மே மாதத்தில். உதவித்தொகை நிற்குமா, நிலைக்குமா என்பது அதன்பின்தான் தெரியும். முன்பணப் பாக்கி அம்மாவின் நோட்டில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

பிப்ரவரியின் ஓர் இரவில், இடைத்தேர்வுக்கு முந்தைய நாள், வீட்டோடு பேசும்போது அவளுடைய குரல் தளர்ந்திருந்தது போலும். அம்மாவிடமிருந்து கைப்பேசியை அப்பா வாங்கினார்.

“இன்னாமா, மறுபடி தப்பு வருதா?”

“வருதுப்பா.”

“ஒரே எடத்துலயா? மாறி மாறியா?”

அவள் திரையைப் பார்த்தாள்.

“ஒரே எடத்துலதாம்பா.”

“அப்ப அட்டையப் பாரு” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.